தொங்கல் காம்பரா

எங்கள் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தியவர் அப்பாதான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோர் கையிலும் வாளியும் மட்டையும். அம்மா சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தபடியே, "போற வீட்டுக்கு என்னாத்துக்குடி சுண்ணாம்பு?" என்றார்.  அம்மா வாளியைத் தூக்கி அப்படியே பக்கத்துக் காம்பராக்காரியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போவது என்றால் இந்தியாவுக்கு. அந்த வருஷங்களில் எங்கள் தோட்டத்தில் யாராவது 'போறோம்' என்றால் அதுதான். தலவாக்கலைக்குப் போகிறவன் 'டவுனுக்கு' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது அப்பா இந்தியக் குடியுரிமைக்கு மனு எழுதிப் போட்டிருந்தார். ஏன் எழுதினீர்கள் என்று வளர்ந்த பிறகு கேட்டேன். "எல்லாரும் எழுதுனாங்க" என்றார். இந்தியாவில் அவருக்குத் தெரிந்த மனுஷன் ஒருவனும் இல்லை. தன் அப்பா சொன்ன ஊர்ப் பெயர் ஒன்று இருந்தது, அதையும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாகச் சொல்வார். எழுதிப் போட்டு எத்தனையோ வருஷம் கழித்து, கடையில் கோதுமை மா இல்லாமல் சனங்கள் தேயிலைக்கு நடுவில் கீரை பொறுக்கித் தின்ற காலத்தில் பாஸ்போட் வந்து சேர்ந்தது. எனக்கு எட்டு வயது. நான் ஒரே பிள்ளை. எங்கள் மூன்று பேருடைய முகமும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருந்தது.

எங்கள் லயம் ரோட்டைப் பார்த்த ஒற்றை வரிசை, பத்துக் காம்பரா. ஒரு காம்பரா என்றால் ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, இஸ்தோப்பின் மூலையில் அடுப்பு. அவ்வளவுதான் வீடு. இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்தில் மிளகாய் வறுத்தால் எங்களுக்குக் கண் எரியும்; பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் நாங்கள் ஞாயம் சொல்லலாம். இரண்டு கோடியிலும் இருப்பவை தொங்கல் காம்பராக்கள். அவற்றுக்கு மட்டும் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு, அந்தப் பக்கமாக மரக்கறி போட ஒரு துண்டு நிலமும் உண்டு. எங்களுடையது ஒன்றாம் நம்பர், தொங்கல். அம்மா கல்யாணமாகி வந்து இறங்கிய இடம். அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்று அவள் சொல்வதுண்டு; அப்பாவைக் கடுப்பேற்றச் சொன்னாளா, உண்மையா, தெரியாது.

போகிறவர்கள் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் லயத்து வழக்கம். ஆடு, கோழிக்கூடு, அம்மி, போஞ்சிக் கொடி படர்ந்த பந்தல், காம்பராகூட. ஆபீசில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஆபீஸ் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஆபீசிலிருந்த காம்பராப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும், காம்பராவுக்குள் வேறோர் ஆள் இருப்பான், இரண்டும் அதனதன் பாட்டுக்கு இருந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் நம்பரில் இருந்தவர் அப்பாவோடு கவ்வாத்து வெட்டுகிறவர். வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. சொந்தம் ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை. மூன்று பிள்ளைகள். நடுக் காம்பரா, இருட்டு, ஐந்து பேர். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. அப்பாதான் ஒருநாள் வேலை விட்டு வரும்போது அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்து இஸ்தோப்பில் நிறுத்தினார்.

"அஞ்சு பேரும் அந்தப் பொந்துக்குள்ள கெடந்து என்னாத்துக்கு அல்லாடுறீங்க? நாங்க மூணு மாசத்துல போயிருவோம். இப்பவே இங்க வந்துருங்க. நாங்க அஞ்சுல இருந்துக்கிறோம்."

"ஆபீசுல சொல்லணுமேண்ணே."

"ஆபீசாவது ஒன்னாவது. சும்மா வாங்க மச்சான்."

அம்மா அடுப்படியிலிருந்து, "மூணு மாசம்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"கங்காணி சொன்னாரு."

"கங்காணிதான் கப்பல் ஓட்டுறாரா?"

அப்பா சிரித்தார், மாமாவும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான்களை மாற்றிக்கொண்டோம். அரை நாள்கூட ஆகவில்லை, இரண்டு வீட்டுச் சாமானும் அவ்வளவுதான். அத்தை எங்கள் பழைய காம்பராவுக்குள் போய் ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா ஐந்தாம் நம்பரில் அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை போக வழியில்லாமல் எங்கள் மேலேயே இறங்கியது.

மூன்று மாசத்தில் நாங்கள் போகவில்லை. முதலில் பாஸ்போட்டில் என் பிறந்த திகதி பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். அது போய் வர இரண்டு வருஷம். பிறகு அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு கலவரம். பிறகு, போனவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. லயத்தில் அந்நேரம் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். ரோட்டோரமாக எல்லோரையும் உட்காரவைத்து நான் வாசிப்பேன். மண்டபம் முகாமில் இறக்கினார்கள், எங்கோ ஒரு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், வேலை இல்லை, இங்கேயும் எங்களைச் 'சிலோன்காரன்' என்கிறார்கள், அவசரப்பட்டு வராதீர்கள். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டு முடிந்ததும் எழுந்து போய் மூஞ்சியைக் கழுவுவார். போகலாம் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். பெட்டி கட்டியபடியே இருந்தது. எனக்கு நல்ல சட்டை வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு, துவைத்து, திரும்பப் பெட்டியில் வைப்போம்.

லயத்தில் அப்பாவுக்குக் 'கப்பல்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன கப்பல்காரரே, கடலு வத்திப்போச்சா?" என்று பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கொடுக்க நிற்கும்போது, சின்னப் பொடியன்கள்கூடக் கேட்பார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

லயம் எப்படி அழிந்தது என்று இப்போது படித்தவர்கள் கேட்கிறார்கள். அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு பராமரிக்கவில்லை என்று எழுதுகிறார்கள். அது உண்மை. கூரைக்குத் தகரம் கேட்டால் வராது, தண்ணீர்க் கான் அடைத்துக்கொண்டால் வெட்ட ஆள் வராது. ஆனால் மிச்சத்தை நாங்கள் செய்தோம். ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போகும். ரயில் ஏற்றிவிட்டு, பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டு அழுதுவிட்டு வருவோம். வந்த வாரமே அவர்கள் ஆளில்லாமல் விட்டுப்போன காம்பராவின் கதவைக் கழற்றிவிடுவோம். அடுத்த வாரம் பலகை. அதற்கடுத்து ஆட்டுக் கொட்டிலுக்குத் தகரம். கூரை போனால் மழை உள்ளே விழும். மழை விழுந்தால் இடைச்சுவர் ஊறும், ஊறினால் பக்கத்துக் காம்பரா நனையும். நான்காம் நம்பர் காலியானபோது அதன் கூரையிலிருந்து இரண்டு தகரத்தை எடுத்தவர் என் அப்பா. அந்த மழைக்குத்தான் எங்கள் ஐந்தாம் நம்பர் சுவர் பாசி பிடித்தது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் எல்லோரும் போகிறவர்கள். பத்துக் காம்பராவில் ஒன்பது காம்பரா அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள்போல இருந்தது, வருஷக்கணக்காக.

ஒன்றாம் நம்பர் மட்டும் வேறு மாதிரி. மாமாவும் அத்தையும் இந்த நாட்டுக்கு எழுதிப் போட்டவர்கள், எங்கும் போகிற உத்தேசம் இல்லாதவர்கள். அத்தை இஸ்தோப்பைச் சாணி போட்டு மெழுகுவாள். ஒழுகுகிற இடத்துக்கு மாமா தார் வைப்பார். பக்கத்து நிலத்தில் கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ், லீக்ஸ், ஓரத்தில் டேலியாப் பூ. தண்ணீர்ப் பீலிக்குப் போகும் வழி அந்த ஜன்னலுக்குக் கீழேதான். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை குடத்தோடு அதைத் தாண்டிப் போவாள். ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அத்தை ஜன்னல் வழியாக, "அண்ணி, கோவா ஒன்னு வெட்டித் தரவா?" என்பாள். "வேணாம் தாயி, இருக்கு" என்பாள் அம்மா. எங்களிடம் இருக்காது.

பிறகு கப்பல் நின்றுவிட்டது. வடக்கில் சண்டை, தலைமன்னாருக்கு ரயில் இல்லை, இனி யாரும் போக முடியாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, "அப்ப சரி" என்றார். பத்து வருஷம் காத்திருந்ததற்கு அவ்வளவுதான் சொன்னார். அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன், சத்தம் போடுவார் என்றாவது எதிர்பார்த்தேன். வேலைக்குப் போய்விட்டார். அம்மா பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து, நனையாத பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். எனக்கும் எதுவும் தோன்றவில்லை. பத்து வருஷத்தில் நாங்கள் மூன்று பேரும் அப்படி ஆகிவிட்டிருந்தோம் என்று நினைக்கிறேன். எது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அடுத்த வருஷம் லயங்களைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வெளிநாட்டு உதவி, புதுத் திட்டம், பெரட்டுக்களத்தில் துரையே வந்து பேசினார். விபரத்தைச் சொன்னவர் வெல்பெயார் ஐயா. தொழிலாளர் நலன் பார்க்க வந்திருந்த இளம் உத்தியோகத்தர். எங்கள் லயத்தில் நடுவிலுள்ள எட்டுக் காம்பராவும் உதவாது, இடிக்கவேண்டும். இரண்டு தொங்கலும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றோடு இன்னோர் அறை, அடுப்புக்குத் தனிக் குசினி, கக்கூஸ் எல்லாம் சேர்த்து முழு வீடாகக் கட்டுவோம். நடுக் காம்பராக்காரர்கள் கீழ்ப் பிரிவிலுள்ள பழைய லயத்துக்குப் போகவேண்டும். இங்கே புது வீடுகள் வந்ததும் திரும்பலாம்.

கீழ்ப் பிரிவு மூன்று மைல் பள்ளத்தில். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது, மழை நாளில் ஓடையைத் தாண்ட முடியாது. நான் அப்போது சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டு உயர்தரம் படிக்க டவுனுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். கீழ்ப் பிரிவுக்குப் போனால் அதோடு சரி, கூடை தூக்கவேண்டியதுதான். அம்மாவுக்கு அது தெரியும். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: நான் கூடை தூக்கக் கூடாது.

பள்ளிக்கூட விடுமுறையில் வெல்பெயார் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். லயங்களில் யார் யார் எந்தக் காம்பரா என்று எழுதவேண்டும், இரண்டு வாரத்து வேலை. காம்பராப் புத்தகத்தை மேசையில் வைத்து, "இதப் பாத்து எழும்மா. ஆளு மாறியிருந்தா பக்கத்துல ஒரு புள்ளடி போடு. நான் வந்து விசாரிச்சுக்கிறேன்" என்றார். ஒன்றாம் நம்பர் பக்கத்தைத் திறந்தேன். அப்பா பெயர்தான். ஐந்தாம் நம்பரில் மாமா பெயர். பத்து வருஷத்துக்கு முந்தைய மை.

மறுநாள் காலை பீலியடியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே, "புக்குல உள்ளத எழுது. இல்லாதத எழுதாத" என்றாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். 

எங்கள் லயத்தை எழுதிய அன்று அத்தை எனக்கு வெறுந்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். கருப்பட்டிக்குப் பதில் சீனியே கொடுத்தாள்.

"என்ன பாப்பா எழுதுற?"

"காம்பரா கணக்கு, அத்தை."

"எங்களையும் எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அப்பாடா. அஞ்சு பேர்னு எழுது, மூத்தவன் கொழும்புல கடையில நிக்கிறான்னு விட்டுறாத."

ஒன்றாம் நம்பருக்கு நேரே அப்பா பெயரை எழுதினேன். ஐந்துக்கு நேரே மாமா பெயர். ஐந்து பேர் என்றும் எழுதினேன். புள்ளடி போடவில்லை. குறுக்காக இரண்டு சின்னக் கோடு, அவ்வளவுதான் நான் போட்டிருக்கவேண்டியது.   தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

பெயர்ப் பட்டியலைப் பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரில் ஒட்டினார்கள். அப்பா வேலை விட்டு வந்து, கால்கூடக் கழுவாமல், "நமக்கு எப்பிடிடீ ஒன்னாம் நம்பரு?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அடுப்பை ஊதினாள். என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் போயி ஐயாக்கிட்ட சொல்றேன். குடுத்தத திருப்பிப் புடுங்குறதா? அந்த மனுஷன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"போங்க" என்றாள் அம்மா. "போயி சொல்லுங்க. சொல்லிட்டு நீங்க தனியா கீழ்ப் பிரிவுக்குப் போங்க. ஒங்க மூணு மாசத்துக்கு நான் பத்து வருஷம் பொகை குடிச்சிட்டேன். எம்புள்ள குடிக்காது."

அப்பா வாசல் வரைக்கும் போனார். சட்டையைப் போட்டார், பட்டனைக்கூடப் போட்டார். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காம்பராவைத் தூக்கிக் கொடுக்க அரை நிமிஷம் போதுமாக இருந்த மனுஷனுக்கு ஆபீஸ் வரைக்கும் நடக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. நான் செய்ததற்கும் சேர்த்து அவர்மேல் கோபப்பட்டேன். இவர் போய்ச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்குமே என்று.

மாமா ஒருதரம் வந்தார். "அண்ணே, புக்குல ஏதோ தப்பாப் போச்சு போல" என்றார். அப்பா "ம்" என்றார். இரண்டு பேரும் வெற்றிலை போட்டார்கள். மழை வரும்போல இருக்கிறது என்று பேசினார்கள். மாமா எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அத்தை கையில் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். லயத்தில் யாருக்கு மனு எழுதவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்; பிறப்புச் சான்றிதழ், கொடுப்பனவு, பாஸ்போட், எல்லாம் என் கையெழுத்துதான். அவளுக்கு அது பழக்கம். எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாளை என் முன்னால் நீவி வைத்தாள்.

"தொரைக்கு ஒரு மனு எழுது பாப்பா. நான் சொல்றேன், நீ அழகா எழுதிரு."

"சொல்லுங்க அத்தை."

"நாங்க பத்து வருஷமா ஒன்னாம் நம்பர்ல இருக்கோம்னு எழுது. அண்ணன்தான் குடுத்தாருன்னு எழுது. அவுங்க மேல குத்தம் சொல்ற மாதிரி எழுதிறாத, என்ன? அவுங்க திருப்பிக் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போம், அதையும் எழுது." தாளை இன்னொரு தரம் நீவினாள். "காம்பரா கணக்கு எழுதுனவன் வந்து பாக்காம எழுதிட்டான்னு எழுது. வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

நான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான்தான் எழுதினேன் என்பதை அவள் மறக்கவில்லை. ஒட்டிய பட்டியலை மட்டும் ஆபீசில் வேறு யாரோ பழைய புக்கைப் பார்த்து எழுதினான் என்று நினைத்திருந்தாள். நான் எழுதினால் தப்பாக எழுதுவேன் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

சொன்னபடி எழுதினேன். ஒரு வரி விடவில்லை. 'காம்பராக் கணக்கு எழுதியவர் நேரில் வந்து பார்க்காமல் எழுதிவிட்டார்.' வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள். பெருவிரலில் பேனா மையைத் தடவி அழுத்தி வைத்தாள். "நீதானே ஆபீசுக்குப் போற, குடுத்துரு. நான் போனா வாசல்லயே நிப்பாட்டிருவானுங்க." வைத்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள்.

கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. திங்கட்கிழமை வெல்பெயார் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"இது ஒன்னோட எழுத்துதானே?"

"ஆமாங்க. அவுங்க சொல்லச் சொல்ல எழுதினேன்."

"நீயும் அந்த லயம்தானே. இது நெசமா?"

அவர் நல்ல மனுஷன். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றிருந்தால் அவர் புத்தகத்தைத் திருத்தியிருப்பார், அது எனக்கு இன்றைக்கும் நிச்சயம். வெளியே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. அதில் அம்மாவின் குரலும் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "புக்குல உள்ளததான் எழுதினேன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மனுவை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "சரி, நீ போயி வேலையப் பாரு" என்றார்.

அடுத்த மாதம் லொறி வந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறிதான். நடுக் காம்பராவில் மிச்சமிருந்த நாலு குடும்பமும் ஏற்கனவே இறங்கிப் போயிருந்தன. நாங்கள் ஐந்தாம் நம்பரிலிருந்து சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டில் வைத்துவிட்டு, அவர்கள் ஒன்றாம் நம்பரைக் காலி பண்ணும்வரை நின்றோம். அப்பா மாமாவோடு சேர்ந்து அவர்களுடைய கட்டிலைத் தூக்கி ஏற்றினார்.  அத்தை கடைசியாக வீட்டைக் கூட்டி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு, அம்மாவின் கையில் பூட்டையும் சாவியையும் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். லொறியில் ஏறி உட்கார்ந்த பிறகு அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"தொரைக்கிட்டேருந்து பதில் வந்தா சொல்லி அனுப்பு பாப்பா."

"சரி அத்தை."

நடுவை இடித்தார்கள். இரண்டு தொங்கலும் இரண்டு தனி வீடுகளாக நின்றன. எங்களுக்குப் புதுத் தகரம், சிமெந்துத் தரை, இன்னோர் அறை, குழாய்த் தண்ணீர். அந்த அறையில் மேசை போட்டுப் படித்துத்தான் நான் உயர்தரம் பாஸ் பண்ணினேன், டீச்சர் ஆனேன். நடுவில் நாலு புது வீடுகள் எழும்பின. அவை லொறி டிரைவருக்கும் தேயிலை ஸ்டோர் ஆட்களுக்கும் போயின. கீழ்ப் பிரிவிலிருந்து ஒருவரும் திரும்பி வரவில்லை. பெரிய இடத்து ஆட்கள் வந்து படம் பிடித்தார்கள், அம்மாவைக் குழாயடியில் நிற்கச் சொன்னார்கள். அம்மா நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். ஜன்னலை மட்டும் அவள் திறந்து நான் பார்த்ததில்லை. குளிர் வருகிறது என்பாள். எனக்கு வீடு பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மழை பெய்யும்போது நனையாமல் படுத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் எதையும் உணர நான் முயன்று பார்த்திருக்கிறேன், வரவில்லை.

மூன்றாம் வருஷம் அப்பா செத்துப்போனார். கவ்வாத்து மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு அத்தையும் மாமாவும் மூன்று மைல் ஏறி வந்தார்கள். அத்தை அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சத்தம் போட்டு அழுதவள் அவள் ஒருத்திதான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, கையைக் கழுவப் பின்பக்கம் வந்தவள் புதுக் குசினியைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள்.

"நல்லா கட்டியிருக்காங்க" என்றாள். பிறகு, அம்மா பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுவுக்குப் பதில் ஒன்னும் வரல்லதானே?"

"இல்ல அத்தை."

"வராது" என்றாள். ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டாள். "நீ நல்லாத்தான் எழுதுன பாப்பா. அவனுங்கதான் படிச்சிருக்க மாட்டானுங்க."